ஆடைத் துறவு யாருக்கு? ஆடை உரிமை யாருக்கு?

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ்த் தோழர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஓராண்டு காலத்துக்குப் புத்தாடை வாங்குவதில்லை என்று உறுதி பூணுவோர் இப்போது பெருகிவருகின்றனர். இருப்பதையே உடுத்துவது, கிழிந்ததைத் தைத்துக்கொள்வது, மிகுதியாக உள்ளதைப் பிறருக்குக் கொடுப்பது, வாங்கியே தீர வேண்டுமெனில் மண்ணையும் நீரையும் கெடுக்காத துணியாகத் தேர்ந்து வாங்குவது என்பன அந்த உறுதிமொழியின் கூறுகள். நிலைத்தகு ஆடைமுறை என்று இதற்குப் பெயரிட்டுள்ளனர். கொச்சியிலும் கோவையிலும் சென்னையிலும் படித்த இளைஞர் பலரை இந்த எண்ணம் ஈர்த்துள்ளது. இது நல்ல எண்ணம். எள்ளி நகையாடத் தக்கதன்று.

ஆனால் அதே உறுதிமொழி மூணாற்றின் லயத்து வீடுகளில் எவ்வாறு ஒலிக்கும்? விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களிடம் அதைச் சொன்னால் அவர்கள் என்ன விடை கூறுவார்கள்? சித்தூர் வட்டத்தில் குழித்தறியில் கால் பதித்து அமர்ந்திருக்கும் நெசவாளியிடம் சொன்னால் என்ன ஆகும்? தோட்டத் தொழிலாளிக்குப் புத்தாடை என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் செலவு. நெசவாளிக்கோ பிறர் துணி வாங்குவதே அன்றாடச் சோறு. எனவே வாங்குவதா, வாங்காதிருப்பதா என்ற கேள்வியை அனைவருக்கும் பொதுவாக வைக்க இயலாது. எவரிடம் மிகுதி குவிந்துள்ளது, எவரிடம் பற்றாக்குறை நிலவுகிறது, எவருடைய உழைப்பில் அந்தத் துணி உருவாகிறது என்ற மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் அது அரசியல் கேள்வியாகும். இவ்வுரை வலியுறுத்த விரும்புவது இதனையே.

உடுத்தும் உரிமைக்கே போராடிய மண்

இன்றைய இடுக்கி மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அந்த அரசில் எவர் எதை உடுத்தலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக நடத்திய போராட்டம் 1822 முதல் 1859 வரை அலையலையாகத் தொடர்ந்தது. சந்தைகளில் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன; வீடுகள் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச ஆணை மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமையை வழங்கியது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அதே ஆணை விதித்தது. 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அய்யன்காளியின் அறைகூவலை ஏற்றுப் புலையர் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். ரவிக்கை அணியத் துணிந்தனர்.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்ற பழமொழியை எளிதாகச் சொல்லிவிடுகிறோர் இந்த வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும். உழைக்கும் மக்களின் ஒரு பெரும் பகுதியினருக்கு அந்தப் பாதி மறுக்கப்பட்டே இருந்தது. நல்ல ஆடை உடுத்தித் திருவிழாவுக்குச் செல்வது அவர்களுக்கு ஆடம்பரமன்று. நிமிர்ந்து நடப்பதற்கான உரிமை. அந்த உரிமையைப் பெற்று மூன்று, நான்கு தலைமுறைகளே கடந்துள்ளன. அவர்களிடம் சென்று எளிமையைப் போதிப்பது வரலாற்றை அறியாமையாகும்.

தோட்டத்தில் ஆடை என்பது பணிக்கருவியும் ஆகும். மழையும் குளிரும் அட்டைக்கடியும் நிறைந்த மலைச்சரிவில் பெண்கள் புடவைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டையை அணிகின்றனர்; இடுப்பில் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ கட்டிக்கொள்கின்றனர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை நிர்வாகமே வழங்குமாறு விதிகள் வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆடை உரிமை ஒரு தொழிலாளர் சட்டத்தில் எழுதப்பட்ட அரிய நிகழ்வு அது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 13 பழைய சட்டங்களை ஒன்றாக்கி விழுங்கியது. தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் ஒன்று.

மலையில் புத்தாடைக்கான பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் போனசிலிருந்து வருகிறது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடும் மிகுந்தது 20 விழுக்காடும் என வரையறுத்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவுக்கு வந்தபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அவர்கள் நடத்திய போராட்டம் நிர்வாகத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைமைகளையும் கேள்விக்கு உட்படுத்தியது. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெறப்பட்டது. பின்னர் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டு லயங்களுக்குள் புதுத்துணி வந்ததெனில், அது கடைக்காரரின் தள்ளுபடியால் வந்ததன்று. சாலையில் அமர்ந்த பெண்களின் உறுதியால் வந்தது.

மிகுதி எங்கே உற்பத்தியாகிறது?

இனி, துணி குவிந்து கிடக்கும் மறுபக்கத்தைக் காண்போர், அந்தக் குவியலுக்குக் காரணம் மனிதரின் ஆசை மட்டும்தானா என்று கேட்க வேண்டும். மார்க்ஸ் இந்தக் கேள்வியை நன்கு அறிந்தவர். 1852 பிப்ரவரியில் தமது மேலங்கி அடகுக் கடையில் இருந்தமையால் வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலவில்லை என்று அவர் எங்கெல்சுக்கு எழுதினார். அவரே 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் தொகுதியில், சரக்கின் இயல்பை விளக்க 20 கெஜம் லினன் துணியையும் ஒரு மேலங்கியையும் எடுத்துக்கொண்டார். உடுத்துவோருக்கு மேலங்கியின் பயன் குளிரைத் தடுப்பது. விற்போருக்கோ அது பணமாக மாறவேண்டிய மதிப்பு மட்டுமே. குளிர் ஒரு மேலங்கியால் தீர்ந்துவிடும். இலாபத்தின் தேவை ஆயிரம் மேலங்கிகளாலும் தீராது.

அதே நூலில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண்ணின் இறப்பு பதிவாகியுள்ளது. 1863 ஜூனில் லண்டனின் பெயர்பெற்ற தையற்கூடம் ஒன்றில் அவர் பணியாற்றினார். வேல்ஸ் இளவரசியை வரவேற்கும் நடன விருந்துக்காகச் சீமாட்டிகளின் ஆடைகளை உடனடியாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அறுபது பெண்களுடன் சேர்ந்து இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாது தைத்தார். வெள்ளியன்று நோயுற்றார்; ஞாயிறன்று இறந்தார். ஃபேஷனின் திடீர் மாற்றங்களும் கடைசி நேர ஆர்டர்களும் தொழிலாளரைச் சில வாரங்கள் உயிர்போக உழைக்க வைத்து, மற்ற வாரங்களில் வேலையின்றி நிறுத்திவிடுகின்றன என்பதை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார்.

அந்த முறை இன்று உலகளாவியதாகிவிட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டனர். ஆர்டரை முடித்தாக வேண்டும் என்பதே காரணம். 2020-இல் கொரோனா பரவியபோது மேலைநாட்டு நிறுவனங்கள் வங்கதேசத்துக்குக் கொடுத்திருந்த 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை நிறுத்தின அல்லது ரத்துச் செய்தன. தைத்து முடித்த துணிக்கே பணம் கிட்டாத நிலை ஏற்பட்டது. திருப்பூரிலும் தொழிலாளர் வேலையிழந்து ஊர் திரும்பினர். வாங்குவோர் வாங்குவதை நிறுத்தினால் உலகம் தூய்மையாகிவிடும் என்று எண்ணுவோர் இந்த அனுபவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். திட்டமின்றி நின்றுபோகும் நுகர்வின் முதல் அடி தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் மீதே விழுகிறது.

விற்காத துணியும் சலித்த துணியும் எங்கே செல்கின்றன? சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் குன்றுகளாகக் கிடக்கின்றன. கானாவின் அக்ரா நகரச் சந்தைக்கு மூட்டைகளாகச் சென்று, பின் கடற்கரையில் ஒதுங்குகின்றன. இன்று உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியஸ்டர், அது மக்குவதில்லை. கேரளமும் இதற்கு விலக்கன்று. 2018 வெள்ளத்தின்போதும் 2024 வயநாடு நிலச்சரிவின்போதும் நிவாரண முகாம்களுக்கு உடுத்தத் தகாத பழந்துணி மலைபோல் வந்து சேர்ந்தது. பயன்படுத்திய துணிகளை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அலமாரியின் சுமையை இறக்கிவைக்க இடம் தேடுவோர், வீடிழந்தோரின் வாசலில் அதை இறக்கினர். அது கொடையாகாது.

நீரின் விலை

ஒரு பருத்திப் பனியனுக்குப் பருத்தி விளைச்சல் முதல் சாயம் வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. நீரின் அருமையைப் பாலக்காட்டின் கிழக்கெல்லைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியபோது, 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் நொய்யல் ஆறு. திருப்பூரின் சாயக்கழிவு அந்த ஆற்றில் கலந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தேக்கமாயிற்று. அந்த நீரைப் பாய்ச்சிய நிலம் உப்புப் பூத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலை எட்டப்படும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னரே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முறையாக இயங்கத் தொடங்கின.

இவ்விரு நிகழ்வுகளும் கூறும் பாடம் ஒன்று. பிளாச்சிமடையில் ஆலையை நிறுத்தியது கூட்டுப் போராட்டம். நொய்யலில் பட்டறைகளைத் திருத்தியது விவசாயிகளின் அமைப்பும் சட்டமும். தனிமனிதரின் நுகர்வுத் துறவு அந்தப் போராட்டங்களுக்குத் துணை நிற்கலாம்; அவற்றின் இடத்தைப் பிடிக்க இயலாது. அதேவேளையில், 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டபோது கூலியிழந்த சாயத் தொழிலாளருக்கு எவர் பொறுப்பேற்றனர் என்ற கேள்வியும் நிற்கிறது. ஆற்றைக் காக்கும் கோரிக்கையும் தொழிலாளரின் கூலியைக் காக்கும் கோரிக்கையும் ஒரே மனுவில் எழுதப்பட வேண்டும்.

1905, 1921: துறவின் சுமையைத் தாங்கியோர்

துணி வாங்க மறுப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நிய ஆடை மறுப்பு அறிவிக்கப்பட்டது. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகள் தீயிடப்பட்டன. ஏகாதிபத்தியத்தின் வயிற்றில் அடித்த மாபெரும் மக்கள் செயல் அது. எனினும் அதற்குள்ளேயே ஒரு வர்க்கக் கேள்வி ஒளிந்திருந்தது. மான்செஸ்டர் துணி மலிவு; சுதேசித் துணி விலை மிகுதி. மறுப்பின் சுமை ஏழை விவசாயி மீதும் சிறு வணிகர் மீதும் விழுந்தது. தாகூர் தமது 'கரே பைரே' நாவலில் ஏழைச் சிறுவணிகன் ஒருவனின் துணி எரிக்கப்படுவதைக் காட்டி இந்தக் கேள்வியை எழுப்பினார். உடுக்க உடையற்றோர் நிறைந்த நாட்டில் துணியை எரிப்பதை 1921-இலும் அவர் ஏற்கவில்லை.

காந்தியும் இதை நேரில் எதிர்கொண்டார். 1921 செப்டம்பரில் மதுரைக்கு ரயிலில் செல்கையில், கதர் உடுத்தாதது ஏன் என்று அவர் வினவியபோது, கதர் விலை மிகுந்தது, தங்களால் வாங்க இயலாது என்று மக்கள் விடையளித்தனர். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் இடுப்புத் துணி மட்டுமே உடுத்தும் முடிவை மேற்கொண்டார். ஏழையின் நிலைக்குத் தாம் இறங்குவது அவருடைய விடை. அந்த முடிவின் நேர்மையை எவரும் மறுக்க முடியாது. பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில் 1923-இல் டி.ஆர்.கிருஷ்ணசாமி ஐயர் நிறுவிய சபரி ஆசிரமமும் அதே மரபில் வந்தது. ஆனால் ரயிலில் பயணம் செய்த ஏழைகள் கேட்ட கேள்வி வேறு. தங்களுக்கும் நல்ல துணி கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா என்பதே அது. தலைவரின் துறவால் அதற்கு விடை கிடைக்கவில்லை. கூலி உயர்வாலும் பொது உற்பத்தியாலுமே விடை கிடைக்கும்.

நூறாண்டுக்குப் பின் அதே கேள்வி மூணாற்றில் எழுகிறது. அங்குத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் பணியாற்றும் ஆரண்யா என்ற இயற்கைச் சாயக்கூடம் 1990-களிலிருந்து இயங்கிவருகிறது. தேயிலைக் கழிவிலிருந்தும் யூகலிப்டஸ் இலையிலிருந்தும் சாயமெடுத்துத் துணிக்கு ஏற்றுகின்றனர். போற்றத்தக்க பணி, அவ்விளைஞருக்குத் தொழிலும் மதிப்பும் தந்துள்ளது. ஆனால் அத்துணியின் சந்தை பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் உள்ளது. எந்தச் செடியிலிருந்து சாயம் பிறக்கிறதோ அந்தச் செடியைப் பறிப்பவருக்கு வாரச்சந்தையின் பாலியஸ்டர் புடவைதான் கட்டுப்படியாகிறது. இயற்கைத் துணி செல்வருக்கும் பெட்ரோலியத் துணி ஏழைக்கும் என்று பிரிந்து நிற்பதே இன்றைய ஆடைச் சந்தையின் வர்க்க இயல்பு.

தறியின் நிலை

நிலைத்தகு ஆடை என்று புதுப்பெயரில் பேசப்படுவது பாலக்காட்டுப் பகுதியில் நூற்றாண்டுகளாக நெய்யப்பட்டு வருகிறது. சித்தூரிலும் கரிம்புழையிலும், மாவட்ட எல்லையை ஒட்டிய திருச்சூரின் குத்தாம்புள்ளியிலும் தேவாங்கர் சமூகத்தார் வேட்டியும் செட்டுமுண்டும் புடவையும் நெய்கின்றனர். சித்தூர் வட்டத்தின் கரிசல் மண்ணில் பருத்தியும் விளைந்தது. மின்சாரம் வேண்டாத தறி, மக்கும் பருத்தி, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் துணி என மூன்றும் அங்கேயே இருந்தன. அவற்றைச் சுமந்த மனிதர்தாம் தேய்ந்துவருகின்றனர்.

1995-96 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 65.5 இலட்சம். 2009-10-இல் 43.31 இலட்சம். 2019-20-இல் 35.22 இலட்சம். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடைசிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஈட்டின. கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட இரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985-இல் சட்டம் வந்தது. 22 இரகங்களாக இருந்த அந்த ஒதுக்கீடு, தாராளமயத்தின் காலமான 1996-இல் 11 ஆகச் சுருங்கியது. எஞ்சிய இரகங்களிலும் விசைத்தறித் துணி கைத்தறிப் பெயரில் விற்கப்படுகிறது. குத்தாம்புள்ளிப் புடவைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின்னும் போலி நிற்கவில்லை. 2015 முதல் ஆகஸ்ட் 7-ஐத் தேசியக் கைத்தறி நாளாக ஒன்றிய அரசு கொண்டாடுகிறது. ஆனால் 2017-இல் ஜி.எஸ்.டி. கைத்தறித் துணிக்கும் 5 விழுக்காடு வரி விதித்தது. 2020-இல் கைத்தறி நாளுக்குச் சில நாட்களுக்கு முன்னர் அகில இந்தியக் கைத்தறி வாரியமே கலைக்கப்பட்டது.

இதற்கு மாறான வழி ஒன்றைக் கேரளம் காட்டியது. 2017 முதல் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்பு மாணவருக்குக் கைத்தறிச் சீருடை இலவசமாக வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதனால் தறிகளுக்கு நிலையான வேலை கிடைத்தது. கூலித் தொழிலாளியின் குழந்தையும் பருத்தித் துணி உடுத்தியது. விலை என்ற தடையை அரசின் கொள்முதல் நீக்கியது. 1921-இல் மதுரை ரயிலில் எழுந்த கேள்விக்கு இதுவே சரியான திசையிலான விடை. குறைகளும் உண்டு. கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது என்று நெசவாளர் அவ்வப்போது முறையிட்டுள்ளனர். நிலுவையில் நிற்கும் கூலியைக் கொண்டு எந்த நெசவாளியும் தம் பிள்ளையைத் தறிக்கு அழைத்துவர மாட்டார். அந்த முறையீட்டுக்குச் செவிசாய்ப்பதும் இடதுசாரிகளின் கடமையே.

செய்ய வேண்டியவை

புறநானூற்றில் நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் உறக்கமின்றி விலங்கைத் துரத்தும் எளியவனுக்கும் தேவைப்படும் உடையின் அளவு ஒன்றே என்று கூறி, மிஞ்சியது பிறருக்கு உரியது என்ற முடிவுக்கு வந்தார். தேவைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார். அந்த எல்லைக்குக் கீழே இருப்போரை மேலே உயர்த்துவதும், எல்லைக்கு மேல் குவிப்போரைத் தடுத்து நிறுத்துவதும் ஒரே பணியின் இரு பக்கங்கள்.

முதலாவதாக, மாதச் சம்பளம் பெறுவோர், மாத்து மாத்தாகத் துணி அடுக்கியிருப்போர் ஓராண்டு புதுத்துணி வாங்காதிருப்பது நல்லது. அதைத் தனிமனித அறமாக மட்டும் நிறுத்தாமல் அமைப்பின் பழக்கமாக்க வேண்டும். மாநாடுகளிலும் பாராட்டுக் கூட்டங்களிலும் போர்த்தப்படும் சரிகைப் பொன்னாடைகளை எவரும் பின்னர் உடுத்துவதில்லை. அதற்கு ஈடாகக் கைத்தறித் துண்டோ நூலோ வழங்கலாம். தொண்டர் சீருடைக்கும் கொடிக்கும் துணி எடுக்கும்போது நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை அணுகலாம். வாங்குவதைக் குறைத்தால் தொழில் அழியாதா என்று கேட்போருக்கு விடை இதில் உள்ளது. ஆறு மாதத்தில் சாயம் போகும் நான்கு சட்டைக்குச் செலவிடும் தொகையில், பல ஆண்டு உழைக்கும் கைத்தறிச் சட்டை ஒன்றை வாங்கினால், அந்தத் தொகையில் உழைப்பாளியின் கூலிக்குச் செல்லும் பங்கு உயரும்.

இரண்டாவதாக, தோட்டங்களில் கம்பளி, மழைக்கோட்டு, காலணி ஆகியவற்றைத் தரமாகவும் உரிய காலத்திலும் நிர்வாகம் வழங்க வேண்டும் என்பதைக் கூலி உடன்பாட்டின் பகுதியாக்க வேண்டும். சட்டத் தொகுப்பின் பெயரால் இவ்வுரிமை கரைந்துபோக விடலாகாது. இன்று மூணாற்றுத் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து உழைப்போருக்கும், தமிழ்நாட்டிலிருந்து அன்றாடம் எல்லை கடந்து ஏலத்தோட்டங்களுக்கு வரும் பெண்களுக்கும் அதே உரிமை உண்டு.

மூன்றாவதாக, தைத்து உடுத்துதல், மாற்றித் தைத்தல் என்று எளிதாகச் சொல்லப்படும் வேலைகள் வீட்டில் எவர் தலையில் விழுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்ணே இரவில் ஊசியும் நூலும் எடுக்கிறார். சூழலைக் காக்கும் பெயரால் பெண்ணின் கூலியற்ற உழைப்பு பெருகலாகாது. குடும்பஸ்ரீயின் தையல் குழுக்கள் பழுதுபார்க்கும் பணியைக் கூலிபெறும் தொழிலாக மேற்கொள்ள உள்ளாட்சிகள் இடமும் இயந்திரமும் தர வேண்டும். வீடுவீடாகக் கழிவு பெறும் ஹரிதகர்ம சேனைப் பெண்களே பழந்துணியையும் பெறுகின்றனர். அவர்களிடம் துவைத்து மடித்து, உடுத்தத் தக்கது, தகாதது என்று பிரித்துக் கொடுப்பது குறைந்தபட்ச மரியாதை.

நான்காவதாக, கைத்தறி மீதான ஜி.எஸ்.டி. நீக்கம், இரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கண்டிப்பான நடைமுறை, நெசவுக்கூலி நிலுவையின்றி வழங்கல், பள்ளிச் சீருடைத் திட்டத்தை மேலும் விரிவாக்கல் ஆகிய கோரிக்கைகளைச் சூழல் ஆர்வலரும் நெசவாளரும் தொழிற்சங்கங்களும் ஒரே மேடையில் எழுப்ப வேண்டும். இதுவரை இம்மூவரும் தனித்தனிக் கூட்டங்களிலேயே பேசிவந்துள்ளனர்.

தோழர்களே! புத்தாடை வாங்குவதில்லை என்று உறுதி பூணும் இளைஞரைக் கேலி பேசி விலக்கிவிட வேண்டாம். அவர்களுடைய மனச்சான்று இலாபத்தின் ஆட்சிக்கு எதிராக எழும் முதல் குரல். அவர்களைச் சித்தூரின் தறிக்கூடத்துக்கும் தேவிகுளத்தின் லயத்துக்கும் அழைத்துவர வேண்டும். தறிக்கூடத்தில் ஒரு வேட்டிக்கு எத்தனை நாள் உழைப்பு, அதற்கு எவ்வளவு கூலி என்று அவர்கள் கேட்டறியட்டும். லயத்தில் மழைக்காலத்துக்கு மாற்றுடை எத்தனை என்று கேட்டறியட்டும். அதன் பின்னர் அவர்கள் எடுக்கும் உறுதிமொழியில், வாங்குவதில்லை என்ற சொல்லோடு, கூலி உயர்வு வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்து நிற்கும். வரும் போனஸ் காலத்துக்கு முன்னரே இந்தப் பணியை ஒவ்வொரு கிளையும் தொடங்குவது நலம்.